குடிகாரரே, இங்கே ஒரு கையெழுத்து!

1879-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. மொடாக்குடியர்களை ஓரிடத்தில் அடைத்துவைத்துக் குணப்படுத்துவதற்கான சட்டம். எல்லாம் சரி, உள்ளே ஒரு சின்ன நிபந்தனை. அடைபட வேண்டிய ஆசாமி தாமாகவே முன்வந்து, 'அடியேன் மொடாக்குடியன், தயவுசெய்து பூட்டிவையுங்கள்' என்று விண்ணப்பம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 'ஆமாம் ஐயா, இவர் மொடாக்குடியர்தான்' என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர் உறுதிமொழி கொடுக்க வேண்டும். அப்புறம் இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் முன்னால் போய் நிற்க வேண்டும். உள்ளே போனால் என்ன ஆகும் என்பதை அவர்கள் விளக்கிச் சொல்லி, அது இவருக்குப் புரிந்துவிட்டது என்று திருப்தியடைந்த பிறகுதான் சான்றொப்பம் கிடைக்கும்.

அதாவது, தன்னால் குடிக்காமல் இருக்க முடியாது என்று நிரூபிக்க வருகிறவர் அன்றைக்கு மட்டும் குடிக்காமல் வர வேண்டும். தள்ளாடிக்கொண்டு வந்தால் 'இவருக்கு எதுவும் புரியவில்லை' என்று திருப்பி அனுப்பலாம். குளித்து முழுகிப் பொட்டலம் பிரித்த சட்டையோடு தெளிவாக வந்தால், 'பார்த்தால் அப்படித் தெரியவில்லையே' என்று மாஜிஸ்திரேட் சந்தேகப்படலாம். அந்த மாஜிஸ்திரேட் யார்? உள்ளூர்ப் பெரிய மனிதர். போன சனிக்கிழமை இதே ஆசாமியோடு உட்கார்ந்து போர்ட் ஒயின் குடித்தவராகக்கூட இருக்கலாம்.

இத்தனையையும் தாண்டினால் கடைசித் தடை, பணம். குடிமீட்பு இல்லங்கள் எல்லாம் தனியார் நடத்துபவை. உள்ளூர் நிர்வாகம் உரிமம் கொடுக்கும், அரசாங்கம் எட்டிப் பார்க்க ஓர் ஆய்வாளரை அனுப்பும், அவ்வளவுதான். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் வைத்தியத்துக்கும் குடிகாரரே கட்ட வேண்டும். குடித்துச் சொத்தை அழித்தவரைக் காப்பாற்றுவதற்கான சட்டத்தில், சொத்து இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தால்தான் இடம்.

உள்ளே காலை வைக்கும்வரைதான் சுதந்திரம். கையெழுத்தின் மை காய்ந்ததும் ஆசாமி கைதி. பன்னிரண்டு மாதம்வரை வைத்திருக்கலாம். 'மனசு மாறிவிட்டது, வீட்டுக்குப் போகிறேன்' என்றால் நடக்காது. சுவர் ஏறிக் குதித்தால் வாரன்ட் பிறக்கும். தன் சம்மதத்தோடு தன்னையே சிறைவைக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் தனிமனித சுதந்திரம்.

இந்தக் கூத்துக்கு விதை போட்டவர் டொனால்டு டால்ரிம்பிள் என்கிற மருத்துவர். பாத் நகரின் எம்.பி. குடிப்பழக்கம் பாவம் இல்லை, நோய் என்று நம்பியவர். அமெரிக்காவில் குடிநோயாளிகளுக்குத் தனி மருத்துவமனைகள் வந்துவிட்டன என்று கேள்விப்பட்டு, 1871-இல் கப்பலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 1872-இல் நாடாளுமன்றத் தேர்வுக்குழு உட்கார்ந்தது, சாட்சிகளை விசாரித்தது, சம்மதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடிநோயாளியை அடைத்து வைத்தியம் பார்க்க வழி வேண்டும் என்று பரிந்துரைத்தது. நல்ல மனிதர், 1873-இல் காலமாகிவிட்டார். அவர் விட்ட இடத்திலிருந்து கிளாஸ்கோ எம்.பி. டாக்டர் சார்லஸ் கேமரன் மசோதாவைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஆனால் அவை முழுக்க ஜென்டில்மேன்கள். கட்டாய வைத்தியம் என்ற பேச்சு எழுந்ததும் ஒவ்வொருவரும் தன் மச்சானையும் மாமனாரையும் தன்னையும் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். 'ஆங்கிலேயனின் உரிமை என்ன ஆவது!' என்று அவை பதறியது. கட்டாயத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பல் இல்லாத மசோதாவை நிறைவேற்றினார்கள். அதுவும் பத்து வருஷத்துக்கு மட்டும், சோதனை முயற்சியாக.

இன்னொரு கணக்கும் உண்டு. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் அரசின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மது வகைகளின் மீதான வரியிலிருந்து வந்தது. நாய் விற்ற காசு குரைக்காது. சரக்கு வரியை ஒரு கையால் வாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் 'குடி குடியைக் கெடுக்கும்' என்று விரலாட்டுகிற அரசாங்கத்தை வாசகர்கள் வேறெங்காவது பார்த்திருந்தால், அதற்கு நான் பொறுப்பல்ல. நான் விக்டோரியா மகாராணி காலத்தைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சட்டத்தின்படி யார் மொடாக்குடியர்? பைத்தியம் என்று சான்றளிக்க முடியாதவர். ஆனால் விடாமல் குடிப்பதால் சில நேரம் தனக்கோ பிறருக்கோ ஆபத்தானவர், அல்லது தன்னையும் தன் காரியங்களையும் கவனித்துக்கொள்ளத் திராணியற்றவர். இந்த இலக்கணத்தைக் கொஞ்சம் நீட்டினால் அதை நிறைவேற்றிய அவையிலேயே பாதி பெஞ்சைக் காலி செய்திருக்கலாம். அதில் ஓட்டையும் இருந்தது. போதை தரும் திரவத்தைக் 'குடிப்பது' பற்றித்தான் சட்டம் பேசியது. அந்த நாளில் அபினிச் சாராயமான லாடனம் மருந்துக் கடையில் சுலபமாகக் கிடைக்கும். பல்வலிக்கு, இருமலுக்கு, தூக்கத்துக்கு, அழுகிற குழந்தைக்கு என்று எல்லாவற்றுக்கும் அதுதான். லாடனத்தை மடக்மடக்கென்று குடிப்பவரைச் சட்டத்துக்குள் கொண்டுவரலாம் என்று வாதிட இடமிருந்தது. ஆனால் அபினியை உருண்டையாக விழுங்கினாலோ, மார்ஃபின் ஊசி குத்திக்கொண்டாலோ சட்டம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் மருத்துவர்களும் சீமாட்டிகளும் நிறைய. அவர்களை இழுத்து வந்து உட்காரவைக்க எந்த மாஜிஸ்திரேட்டுக்கும் அவசரம் இல்லை.

1883-இல், செத்துப்போன டால்ரிம்பிளின் பெயரிலேயே ரிக்மன்ஸ்வொர்த்தில் ஓர் இல்லம் திறந்தார்கள். ஆண்களுக்கு மட்டும், அதிலும் கனவான்களுக்கு. நல்ல காற்று, நேரத்துக்குச் சாப்பாடு, பில்லியர்ட்ஸ் மேஜை. நம் ஊர் கிளப் மாதிரிதான், பார் மட்டும் மூடியிருக்கும். பத்து வருஷ சோதனைக்காலம் முடிகிற சமயத்தில், 1888-இல், சட்டத்தை நிரந்தரமாக்கினார்கள். கூடவே 'மொடாக்குடியர்' என்ற சொல் காதில் நாராசமாக விழுகிறது என்று தலைப்பை நாகரிகமாக மாற்றினார்கள். மாஜிஸ்திரேட்டுகள் மட்டும் மாறவில்லை. அதே இரண்டு பேர், அதே கையெழுத்து.

கனவான்கள் பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்த அதே காலத்தில் லண்டன் போலீஸ் கோர்ட்டுகளில் ஒரு பாட்டி சாதனை படைத்துக்கொண்டிருந்தார். ஜேன் கேக்பிரெட். ஒரு காலத்தில் பெரிய வீடுகளில் பணிப்பெண்ணாக இருந்தவர். பிறகு வீடு இல்லை, வேலை இல்லை, கூரை என்றால் வானம்தான். வடக்கு லண்டன் தெருக்களில் திரிவார், கொஞ்சம் உள்ளே போனதும் ரகளை. போலீஸ்காரர் கூட்டி வருவார், மாஜிஸ்திரேட் சில ஷில்லிங் அபராதம் அல்லது சில வாரம் சிறை என்பார். கையில் ஷில்லிங் இருந்தால்தான் ஏற்கெனவே கடைக்குப் போயிருக்குமே, ஆகவே சிறை. வெளியே வந்த அன்றே, இல்லாவிட்டால் மறுநாள், திரும்பவும் கோர்ட். இப்படி 280 தடவைக்கு மேல்.

பத்திரிகைக்காரர்களுக்கு ஜேன் பாட்டி என்றால் அல்வா. இன்றைக்கு என்ன தொப்பி, கூண்டில் நின்று என்ன பேசினார், மாஜிஸ்திரேட்டை எப்படிப் புகழ்ந்தார் என்று எல்லாம் அச்சில் வந்தது. தான் சாதாரண ஆள் இல்லை, சீமாட்டி என்று சொல்லிக்கொள்வதில் பாட்டிக்கு அலாதிப் பிரியம். பைபிள் வசனங்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். கோர்ட்டு சிரிக்கும், தண்டனை விழும், பாட்டி கிளம்புவார். லண்டன் முழுக்கத் தெரிந்த பெயர் ஆகிவிட்டது. ஆனால் இரவு படுக்க ஓர் இடம் கிடையாது.

இந்தச் சிரிப்புக்கு நடுவே சிரிக்காத ஆள் ஒருவர் இருந்தார். தாமஸ் ஹோம்ஸ் என்கிற போலீஸ் கோர்ட் சமயத்தொண்டர். பாட்டியை அருகிலிருந்து பார்த்தவர். இந்த அம்மாள் அப்படியொன்றும் குடிப்பதில்லை, ஒரு வாய் உள்ளே போனாலே தலைகால் தெரியாமல் போகிறது, இது குடியைவிட மனநோய் சம்பந்தப்பட்டது என்று சொல்லிப் பார்த்தார். கேட்பார் யார்? இருநூற்றுச் சொச்சம் தடவை தண்டித்த பிறகு, 'அடடா, இவருக்கு மூளையில் கோளாறு' என்று ஒத்துக்கொண்டால் தண்டித்தவர்களின் மூளையைப் பற்றியல்லவா கேள்வி வரும்?

1895-இல் லேடி ஹென்றி சோமர்செட் வந்தார். பிரபு குடும்பத்துப் பெண். மதுவிலக்கு இயக்கத்துப் பெண்களின் தலைவி. சர்ரே மாவட்டத்தில் டக்ஸ்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் குடிநோயாளிப் பெண்களுக்கென்று ஒரு கிராமத்தையே கட்டியிருந்தார். சின்னச் சின்ன வீடுகள், தோட்டம், கோழி, தேன்கூடு. சுவருக்குப் பதில் செடிகொடி. நல்ல யோசனைதான், இந்தக் கதையில் வருகிறவர்களில் எனக்குப் பிடித்த ஒரே பெரிய மனுஷி இவர்தான். 'இங்கிலாந்திலேயே பேர்பெற்ற குடிகாரியைக் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று ஜேன் பாட்டியைக் கூட்டிப் போனார். பாட்டி அங்கே சுமார் மூன்று மாதம் தாக்குப்பிடித்தார். கிராமம் பாட்டியைத் தாக்குப்பிடித்ததா என்பது வேறு விஷயம். இவருக்கு வேண்டியது குடிமீட்பு இல்லை, மனநல சிகிச்சை என்று லேடி ஹென்றி கையை விரித்தார். ஹோம்ஸ் சொன்னதும் இதைத்தான். பாட்டி திரும்ப லண்டன் கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தார், அங்கிருந்து ஒருவழியாக மனநல விடுதிக்கு. 1898-இல் கிளேபரி மனநல விடுதியில் இறந்தார்.

அதே 1898-இல்தான், ஜேன் கேக்பிரெட் மாதிரி ஆட்களை என்ன செய்வது என்று யோசித்து யோசித்து, நாடாளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. நடைமுறைக்கு வந்தது 1899 ஜனவரி 1. அரசாங்க வேகத்துக்கு இது ஒன்றும் மோசமில்லை.

புதிய சட்டத்தில் அந்தச் செல்லக் கையெழுத்து காணாமல் போயிற்று. ஒரே வருஷத்தில் நான்கு தடவை குடிபோதை வழக்கில் சிக்கினால், அல்லது குடியின் காரணமாகச் சிறைக்குரிய குற்றம் செய்தால், நீதிமன்றமே மூன்று வருஷம்வரை சீர்திருத்த விடுதிக்கு அனுப்பலாம். பணக்காரர் விஷயத்தில் இருபது வருஷமாகக் காப்பாற்றி வைத்த ஆங்கிலேயனின் உரிமை, ஏழையின் விஷயத்தில் ஒரே இரவில் காலாவதி ஆகிவிட்டது. கனவான்களுக்குப் பழைய ஏற்பாடு சிறு மாற்றங்களோடு தொடர்ந்தது. பில்லியர்ட்ஸ் மேஜையை யாரும் தொடவில்லை.

சரி, இந்த வலையில் யார் விழுந்தார்கள்? தெருவில் குடித்துப் புரண்டதில் பெரும்பாலும் ஆண்கள்தானே, விடுதிகளும் ஆண்களால் நிரம்பி வழிந்திருக்கும் என்று நினைப்பீர்கள். கணக்கைப் பாருங்கள். 1913-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடிபோதைக்காகத் தண்டனை பெற்றது 1,88,877 தடவை. அதில் பெண்கள் 35,765. ஐந்தில் ஒரு பங்குகூட முழுசாக இல்லை. ஆனால் சீர்திருத்த விடுதிகளுக்கு அனுப்பப்பட்டவர்களில் பெண்கள் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல்!

இது எப்படி? கணவன் குடித்துவிட்டுக் கூலியைத் தொலைத்தால் அது சனிக்கிழமை. மனைவி குடித்துவிட்டுக் குழந்தையைக் கவனிக்காமல் விட்டால் அது குற்றம். பிள்ளைகளைப் புறக்கணித்த வழக்கில் தாய்மார்களை இழுத்து வந்து, 'குடிதான் காரணம்' என்று எழுதி, மூன்று வருஷம் விடுதிக்கு அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகளை மூன்று வருஷம் யார் கவனிப்பது என்கிற கேள்வி சட்டத்தின் எந்தப் பிரிவிலும் வரவில்லை. இன்னொரு காரணம் எளிது. ஆணை அடைத்தால் வீட்டுக்குக் கூலி வராது, குடும்பம் ஊராட்சியின் கஞ்சித் தொட்டிக்கு வந்துவிடும். பெண்ணை அடைத்தால் அந்தச் செலவு கணக்கில் ஏறாது.

விடுதிகளில் என்ன வைத்தியம்? சலவை. ஆமாம், துணி வெளுப்பது. அதோடு தோட்டவேலை, தையல், ஜெபம். மருந்தென்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. மூன்று வருஷம் கண்ணில் சரக்கைக் காட்டாமல் வேலை வாங்கினால் ஆசை செத்துவிடும் என்பதுதான் சித்தாந்தம். லண்டன் கவுன்டி கவுன்சில் சர்ரேயில் ஃபார்ம்ஃபீல்டு என்ற விடுதியைப் பெண்களுக்காக நடத்தியது. பிரிஸ்டல் பக்கம் பிரென்ட்ரியில் ஹெரால்டு பர்டன் என்கிற பாதிரியார் நடத்தினார். அடங்காதவர்களுக்கென்று அரசாங்கமே நேரடியாக இரண்டு விடுதிகள் வைத்தது. பெண்களுக்கு எய்ல்ஸ்பரி, ஆண்களுக்கு வாரிக். இரண்டும் பெயரில்தான் விடுதி. சுவர், பூட்டு, வார்டன் எல்லாம் சிறையிலிருந்து வாங்கிய பாத்திரம் பண்டம்.

இதில் சுவாரஸ்யமான சண்டை, காசு யார் தருவது என்பது. தலைக்கு வாரத்துக்கு இத்தனை ஷில்லிங் என்று மத்திய அரசு கொஞ்சம் தரும், மிச்சம் உள்ளாட்சி போட வேண்டும். 'உங்கள் சட்டம், நீங்கள் போடுங்கள்' என்று லண்டன் கவுன்சில் சொல்ல, 'உங்கள் ஊர்க் குடிகாரி, நீங்கள் போடுங்கள்' என்று உள்துறை சொல்ல, மல்லுக்கட்டு முற்றிப் போயிற்று. சாராய வரி வருகிறபோது இந்த 'உங்கள், எங்கள்' வந்ததாக எந்த ஆவணத்திலும் நான் பார்க்கவில்லை. பல ஊர்களில் விடுதியே கட்டவில்லை. சட்டம் அனுமதி கொடுத்ததே தவிரக் கட்டாயப்படுத்தவில்லை. குடிகாரருக்குக் கட்டாயம், கவுன்சிலுக்கு விருப்பம்!

இந்த விடுதிகளை மேற்பார்வையிட்ட ஆய்வாளர் டாக்டர் பிராந்த்வைட். இதற்கு முன் டால்ரிம்பிள் இல்லத்தில் கனவான்களுக்கு வைத்தியம் பார்த்தவர், ஆகவே இரு தரப்பு போதையும் அறிந்தவர். உள்ளே இருப்பவர்களை வருஷாவருஷம் எண்ணி, தரம் பிரித்து அறிக்கை எழுதினார். பாதிக்கு மேற்பட்டவர்கள் மனநோயாளிகள், அல்லது மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள். இவர்களைக் குடியிலிருந்து சீர்திருத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை என்றார். ஜேன் பாட்டி விஷயத்தில் ஹோம்ஸ் ஓசியில் சொன்னதைக் கண்டுபிடிக்க அரசாங்கத்துக்கு ஒரு சட்டம், பல விடுதிகள், ஓர் ஆய்வாளர், பத்து வருஷம் தேவைப்பட்டன.

நடுவில் 1902-இல் இன்னொரு யோசனை உதித்தது. குடிகாரரை அடைக்கத்தான் இடமில்லை, கடையாவது அவருக்கு ஊற்றாமல் இருக்கலாமே? மொடாக்குடியர் என்று நீதிமன்றம் முத்திரை குத்தியவருக்கு மூன்று வருஷத்துக்கு யாரும் சரக்கு விற்கக்கூடாது. விற்றால் கடைக்காரருக்கு அபராதம், வாங்கினால் அவருக்கும் அபராதம். பர்மிங்ஹாம் நகரம் இதை மிகச் சிரத்தையாகச் செய்தது. எண்பதுக்கும் மேற்பட்ட ஆண் பெண்களின் புகைப்படங்களை அச்சடித்து ஆல்பம் மாதிரி மதுக்கடைகளுக்கு விநியோகித்தது. நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். பெயர், பட்டப்பெயர், தொழில், உயரம், மூக்கு எப்படி, முகம் எப்படி, கையில் என்ன பச்சை, எந்த விரல் இல்லை. பெண் பார்க்கும் ஜாதகத்தில்கூட இத்தனை விவரம் இருக்காது. தொழில் என்ற இடத்தில் விறகு வெட்டி, கூலி, துணி வெளுப்பவர் என்ற வகையறாதான். வக்கீலோ எம்.பி.யோ ஒருவரும் இல்லை. பர்மிங்ஹாம் வக்கீல்கள் அத்தனை பேரும் மோர் குடித்து வளர்ந்தவர்கள் போலிருக்கிறது.

சனிக்கிழமை ராத்திரி, கடையில் கால்வைக்க இடமில்லை, எல்லார் முகமும் அடுப்புக்கரி படிந்து ஒரே நிறத்தில் இருக்கிறது. கல்லாவில் நிற்கிறவர் ஆல்பத்தைப் புரட்டி, 'ஐயா, கொஞ்சம் பக்கவாட்டில் திரும்புங்கள், மூக்கைச் சரிபார்க்க வேண்டும்' என்று கேட்டிருப்பாரா என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

1899 முதல் 1913 வரை சீர்திருத்த விடுதிகளுக்கு அனுப்பப்பட்டவர்கள் மொத்தம் சுமார் 4,500 பேர். நாட்டில் குடிபோதைத் தண்டனைகள் ஆண்டுக்கு இரண்டு லட்சத்தை ஒட்டி. இந்த வேகத்தில் இங்கிலாந்தைத் தெளியவைக்க எத்தனை யுகம் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, 1914-இல் உலகப்போர் வந்தது.

போர் வந்ததும் அரசாங்கத்துக்குத் திடீரென்று ஞானோதயம். குடிகாரர் குடித்துவிட்டு மனைவியை அடித்தால் அது குடும்பப் பிரச்சினை. குண்டுத் தொழிற்சாலைக்குத் திங்கட்கிழமை வராமல் போனால் அது தேசப் பிரச்சினை. ஜெர்மனி, ஆஸ்திரியா, குடி என்று மூன்று எதிரிகள், அதில் குடிதான் பெரிய எதிரி என்று 1915-இல் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் முழங்கினார். மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் முன்மாதிரியாக, போர் முடியும்வரை அரண்மனையில் ஒரு சொட்டு கிடையாது என்று சபதம் செய்தார். மந்திரிகள் பின்தொடர்வார்கள் என்று மன்னர் திரும்பிப் பார்த்தால் பெரிதாக யாரையும் காணோம். பிரதமர் ஆஸ்குவித்துக்கு ஊர் வைத்திருந்த பட்டப்பெயரே போதையைக் குறிப்பதுதான். அவர் சபதம் எதுவும் எடுக்கவில்லை. நாடாளுமன்றத்து பாரும் மூடவில்லை. பாவம் மன்னர், அந்த ஆண்டே பிரான்சில் குதிரையிலிருந்து விழுந்து அடிபட்டார், டாக்டர்கள் உடம்புக்கு நல்லது என்று கொஞ்சம் எழுதிக் கொடுத்தார்கள்.

ஆனால் 1915-இல் அமைத்த மதுக் கட்டுப்பாட்டு வாரியம் உருப்படியாக ஒன்று செய்தது. குடிகாரரை விட்டுவிட்டுக் கடையைப் பிடித்தது. போருக்கு முன் லண்டனில் மதுக்கடைகள் காலை 5 மணிக்குத் திறந்து நள்ளிரவு 12.30-க்கு மூடும். வாரியம் அதை ஒரு நாளைக்கு ஐந்தரை மணி நேரமாக நறுக்கியது, அதிலும் பிற்பகலில் இடைவேளை. பீரில் தண்ணீரைக் கூட்டினார்கள், விலையையும் கூட்டினார்கள். ஒருவர் இன்னொருவருக்கு வாங்கிக் கொடுக்கக் கூடாது என்றும் உத்தரவு வந்தது. 'இந்த ரவுண்டு என்னுடையது' என்ற புண்ணிய வாக்கியம் குற்றமானது. சவுத்தாம்ப்டனில் மனைவிக்கு ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்த கணவனுக்கு அபராதம், வாங்கிக் குடித்த மனைவிக்கு அபராதம், ஊற்றிக் கொடுத்த பெண்ணுக்கு அதைவிடப் பெரிய அபராதம். கல்யாணச் சத்தியத்தில் இதையும் சேர்த்திருக்கலாம்.

சிரிக்கலாம், ஆனால் பலன் வந்தது. 1913-இல் 1,88,877 ஆக இருந்த தண்டனைகள் 1918-இல் 29,075. ஆண்களெல்லாம் போர்முனைக்குப் போய்விட்டார்கள், அதனால்தான் என்று உடனே ஒரு வாதம் வரும். போர்முனைக்குப் போகாத பெண்களின் கணக்கும் 35,765-இலிருந்து 7,222-க்கு இறங்கியது. துணி வெளுத்ததால் வராத குணம், கடை மூடியதால் வந்துவிட்டது. விடுதிகள் காற்றாடின. 1921-க்குள் கடைசி விடுதியும் மூடப்பட்டது. யாரும் விழா எடுக்கவில்லை, யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை. பிற்பகல் இடைவேளை மட்டும் 1988 வரை நீடித்தது.

அதே போர்க்காலத்தில் ஸ்காட்லாந்து எல்லையில் கிரெட்னாவில் பெரிய வெடிமருந்துத் தொழிற்சாலை கட்டினார்கள். ஆயிரக்கணக்கான கூலியாட்கள் மாலையில் ரயிலேறிப் பக்கத்து ஊரான கார்லைலுக்கு வந்து இறங்குவார்கள். ரயில் வருகிற நேரத்துக்கு விஸ்கி கிளாஸ்களை நூற்றுக்கணக்கில் ஊற்றி வரிசையாக வைத்திருப்பார்கள் என்று அந்த ஊரில் கதை உண்டு. சம்பள நாளில் ஊர் என்ன பாடுபட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1916-இல் அரசாங்கம் துணிந்து அந்தப் பகுதியின் மதுக்கடைகளையும் மது ஆலைகளையும் விலைகொடுத்து வாங்கிவிட்டது. சர்க்காரே சரக்கு விற்றது. ஆனால் விற்ற விதத்தைக் கவனியுங்கள். வாங்கிய கடைகளில் நிறையவற்றை மூடியது. விளம்பரப் பலகைகளைக் கழற்றியது. சனிக்கிழமை விஸ்கி, பிராந்தி கிடையாது என்றது. கடை மேலாளருக்கு மாதச் சம்பளம். சரக்கு எவ்வளவு விற்றாலும் அதில் ஒரு காசு கமிஷன் இல்லை, சாப்பாடு விற்றால் கமிஷன் உண்டு. சரக்கு கேட்டு வருகிறவரைச் சூப்பு குடிக்கவைத்தால் மேலாளருக்கு லாபம்.

போருக்காகத் தொடங்கிய அந்த அரசுக் கடைகளை 1973-இல்தான் தனியாருக்கு விற்றார்கள். கமிஷன் கொடுக்காமல், விளம்பரம் செய்யாமல், நிறையக் கடைகளை மூடிவிட்டு நடத்திய அந்த வியாபாரம் கடைசிவரை லாபத்தில்தான் ஓடியது.